ஆபீஸ் சூடு

அவர் பெயர் எனக்குத் தெரியாது. பெற்ற பிள்ளையை இரண்டு வருஷத்துக்கு மேல் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தவள், பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டுக்கொள்ளவில்லைதான். பிள்ளைகள் அவரை அத்தை என்றன. அதைப் பார்த்து நாங்களும் அத்தை என்றோம். கள்ளிக்குப்பத்தில் எந்த ஆட்டோவில் ஏறி "அத்தை ஊடு" என்று சொன்னாலும் சரியாக அந்தப் பச்சை கேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அவருக்கும் என் பெயர் தெரியாது. நான் ஆதிரை அம்மா. அந்த வீட்டுக்குள் வந்து போன பெண்கள் எல்லோரும் இப்படி யாரோ ஒருத்தரின் அம்மாதான்.

அவரைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது அந்தக் குழாயைத்தான். கேட்டைத் திறந்ததும் இடது பக்கம் முழங்கால் உயரத்தில் ஒரு குழாய், கீழே சிமெண்ட் மேடை, நீல பிளாஸ்டிக் மக் ஒன்று. சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற யாரும் அந்தக் குழாயைத் தாண்டி உள்ளே போக முடியாது. கால் கழுவ வேண்டும், முகம் கழுவ வேண்டும். பிறகு, ஒரு கை உடைந்து கம்பியால் கட்டியிருக்கும் சிவப்பு நாற்காலியில் உட்கார வேண்டும். மத்தியானத்து ரசத்தைச் சுட வைத்து ஒரு டம்ளர் கொடுப்பார். அதைக் குடித்து முடித்து டம்ளரைச் சிமெண்ட் தரையில் 'ணங்' என்று வைக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அத்தை எழுந்து உள் அறைக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார். அதுவரை நீங்கள் தலைகீழாக நின்றாலும் பிள்ளை வராது.

முதல் நாள் எனக்கு இது தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில், அந்தத் தொழிற்பேட்டையில்தான் என் கம்பெனி. ஷேர் ஆட்டோவில் பாதி உட்கார்ந்து பாதி தொங்கி வந்து இறங்கி, தெருவில் ஓடி, கேட்டைத் தள்ளினால் அத்தை இடுப்பில் ஆதிரை. என்னைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டுகிறாள். நானும் நீட்டுகிறேன். அத்தை பிள்ளையோடு ஓரடி பின்னால் போனார்.

"காலக் கழுவு மொதல்ல."

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. சின்ன வயதிலிருந்தே எனக்கு மூக்குக்கு மேல் கோபம். சங்கரன்கோவில் பக்கத்து ரத்தம் அப்படி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். என் பிள்ளையை எனக்குக் கொடுக்கக் கணக்குப் பார்க்க இந்த அம்மாள் யார்? பிள்ளை அழுகிறாள், கொடுங்கள் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் அசையவில்லை. வெளியிலிருந்து வந்த சூட்டோடு பிள்ளையைத் தொடக்கூடாது என்றார். ஏதோ வெயில் சூடு, காற்று கருப்பு, அந்தக் காலத்து நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கழுவினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. உட்கார்ந்தேன். ரசம் வந்தது. மிளகு தூக்கலாக இருந்தது. குடித்து முடிக்கும்போது நான் ஏன் ஓடி வந்தேன் என்பதே மறந்துவிட்டது. ஆதிரையும் அழுகையை விட்டுவிட்டு ஒரு சொப்பைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் என்னைப்போல அடங்கிப் போய்விடவில்லை. ஒரு பையனின் அப்பா, பேங்கில் வேலை, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு ஷூவெல்லாம் கழற்ற முடியாது என்று சட்டம் பேசினார். அத்தை கிரில் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவ ஆரம்பித்துவிட்டார். அந்த மனுஷன் கத்திப் பார்த்தார், போன் பண்ணி மனைவியிடம் முறையிட்டார். கடைசியில் சாக்ஸோடு காலை நனைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து ரசம் குடித்தார். அடுத்த மாதமே பையனை வேறு எங்கோ மாற்றிவிட்டார். அத்தைக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பையன்தான் பாவம், ரசம் சோறு என்றால் உயிரை விடுவான் என்று மட்டும் சொன்னார்.

ஒரு ஐப்பசியில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அத்தை வீடு வரை நீந்தாத குறையாக வந்து சேர்ந்தேன். உச்சந்தலையிலிருந்து சொட்டுகிறது. அப்போதும் குழாயைக் காட்டினார். "அத்தை, நான் வந்ததே தண்ணிக்குள்ளதான்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அது தெருத் தண்ணீர், இது வீட்டுத் தண்ணீர் என்றார். கொட்டுகிற மழையில் நின்று, குழாயைத் திறந்து, கால் கழுவினேன். எதிர் வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்த்துப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

இன்னொரு பிடிவாதமும் அவருக்கு உண்டு. மத்தியானம் பிள்ளைகளைத் தூங்க வைக்கும்போது நடுவில் அவரும் படுத்துக்கொள்வார். படுத்த இடத்திலிருந்து கையை நீட்டினால் எல்லாப் பிள்ளையையும் தொட முடிய வேண்டும். எந்தப் பிள்ளை தூக்கத்தில் சிணுங்கினாலும் எழுந்திருக்காமல் தட்டிக்கொடுக்க வேண்டும். கைக்கு எட்டுகிற அளவுதான் பிள்ளைகள், அதற்கு மேல் ஒன்றைக்கூடச் சேர்க்க மாட்டார். எத்தனை பேர் கேட்டில் நின்று கெஞ்சினாலும், "கை எட்டாதும்மா" என்று ஒரே வார்த்தைதான்.

ஆதிரை அங்கே வாரம் முழுக்கப் போகிறவள் இல்லை. எனக்கு செவ்வாய், புதன், வியாழன் மட்டும் ஆபீஸ். மற்ற நாள் வீட்டிலிருந்து வேலை. அந்த மூன்று நாளுக்கு மட்டும் என்று சொல்லித்தான் சேர்த்தேன். அத்தைக்கு அரை மனசுதான். அரைகுறையாக வருகிற பிள்ளை செவ்வாய்க்கிழமை அழும், வியாழக்கிழமை சரியாகும், அடுத்த செவ்வாய் மறுபடி முதலிலிருந்து அழும் என்றார். அவர் சொன்னபடியேதான் நடந்தது. ஆனாலும் ஆதிரை வராத நாட்களில் அந்த இடத்தில் வேறு பிள்ளையைப் படுக்க வைக்கவில்லை. வெறும் பாயை விரித்து வைத்திருப்பார்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை. வீட்டுக்காரருக்கு ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு ராத்திரி கிளம்பிவிடுவார். எங்கள் அடுக்குமாடியில் பத்துப் பன்னிரண்டு வீடு, எல்லாக் கதவும் சாத்தியே இருக்கும். லிப்டில் பார்த்தால் போனைப் பார்ப்பார்கள், நானும் போனைப் பார்ப்பேன். ஆபீஸில் பேச்சு எல்லாம் வேலைப் பேச்சு. என்னிடம் 'உக்காரு' என்று சொல்கிற ஆள் சென்னை முழுவதிலும் அந்த ஒரு அம்மாள்தான். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் நான் செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருந்தேன்.

பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். நான் பேசுவதைக் கேட்டு, "இன்னா இப்டி இழுத்து இழுத்துப் பேசற" என்று கிண்டல் செய்வார். எங்கள் அடுக்குமாடி நிற்கிற இடம் ஒரு காலத்தில் அவர் மாமனாரின் நிலமாம். என் சமையலறை இருக்கிற மூலையில் கத்திரிக்காய் போட்டிருந்தார்களாம். "நீ தோசை சுடற எடத்துல நான் பூச்சி மருந்து அடிச்சிருக்கேன்" என்று சொல்லிச் சிரிப்பார். நிலம் போன வருத்தமெல்லாம் அவரிடம் நான் பார்த்ததில்லை. கத்திரிக்காய் காய்க்கவே இல்லை என்றுதான் சொன்னார்.

ஒருநாள் ஆபீஸில் எல்லோர் முன்னாலும் மேனேஜர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டான். யாரோ செய்த தப்பு, என் தலையில் விடிந்தது. ஆட்டோவில் அழவில்லை, தெருவில் அழவில்லை. சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து ரசத்தை ஒரு வாய் குடித்ததும் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அத்தை என்ன என்று கேட்கவில்லை. டம்ளர் காலியாவதற்குள் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். உள்ளே ஆதிரை நான் வந்தது தெரிந்து கூப்பிட்டாள். போகட்டும், கூப்பிடட்டும் என்று கையைக் காட்டினார். பிறகு எதிரில் தரையில் குந்திக்கொண்டு, தன்னைப் பற்றி அவர் சொன்ன ஒரே கதையைச் சொன்னார்.

கல்யாணமான புதிதில் அவரும் எஸ்டேட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார், துணி தைக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு. ஒருநாள் பட்டன் காஜா தப்பாகப் போய்விட்டது என்று சூப்பர்வைசர் ஒரு கட்டுத் துணியை அவர் முகத்தில் வீசியிருக்கிறான். வீட்டுக்கு வந்தால் குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. அது கையில் வைத்திருந்த பால் இவர் புடவையில் கொட்டிவிட்டது.

"உட்டேன் ஒண்ணு. காது மேலயே. அஞ்சு வெரலும் பதிஞ்சு போச்சு. புள்ள அழவே இல்ல, என்னியே பாத்துகினு நின்னுச்சு. அவன் மேல கீற சூடு, இது மேல எறங்கிடுச்சு."

அடி வாங்கிய அந்தப் பெண் இப்போது திருமழிசையில் வாக்கப்பட்டு நன்றாக இருக்கிறாள். நல்ல நாள் பெரிய நாளுக்குப் போன் பண்ணுவாள். அந்த அடி அவளுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். தெரியாது, இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை என்றார். கேட்க பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். அன்றைக்குத்தான் சூடு என்றால் எந்தச் சூடு என்று எனக்குப் புரிந்தது. நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் எழுந்துபோய் ஆதிரையைக் கொண்டுவந்தார்.

அதற்கப்புறம் எங்கள் கம்பெனி எஸ்டேட்டில் வாடகைக்கு இருந்த மாடியையே காலி செய்துவிட்டது. இனி எல்லோரும் எல்லா நாளும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அறிவிப்பு வந்தது. என்னோடு வேலை செய்தவர்கள் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டும் படங்களாக அனுப்பித் தள்ளினார்கள். நான் மட்டும் எதையும் அனுப்பவில்லை. அத்தையிடம் விஷயத்தை மறைக்கவில்லை. வீட்டில்தான் வேலை, ஆனாலும் மீட்டிங் இருக்கும், பிள்ளை மடியில் ஏறினால் முடியாது, அதே மூன்று நாள் வரட்டும் என்றேன். சரி என்றார்.

என் வீட்டிலிருந்து அத்தை வீடு இரண்டு தெரு. நான் அந்த வழியாகப் போகவில்லை. மெயின் ரோட்டுப் பக்கமாகச் சுற்றி, காய்கறிக் கடையையும் டயர் கடையையும் தாண்டி, காலில் நன்றாகத் தூசி படிந்த பிறகு அத்தை வீட்டுக்குத் திரும்புவேன். கால் கழுவக் கொஞ்சமாவது அழுக்கு வேண்டாமா? வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன். குழாயைத் திறந்து குதிகால் வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவுவேன். அத்தை கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ரசம் மட்டும் வரும். அதை நான் சொட்டுச் சொட்டாகக் குடிப்பேன். ஆறிப்போன பிறகும் குடிப்பேன். உள்ளே ஆதிரை தன் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருப்பாள், நான் வந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக்கூட மாட்டாள்.

அப்படி ஒருநாள் உட்கார்ந்திருக்கும்போதுதான் சொன்னார். பின் தெருவில் ஒரு பெண், புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, வாரம் ஆறு நாளும் போக வேண்டும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தினமும் வந்து கேட்டில் நிற்கிறாள். இந்த மாதத்தோடு ஆதிரையை நிறுத்திக்கொள்ளலாம் என்றார்.

நான் வாரம் முழுக்க விடுகிறேன் என்றேன். வீட்டில் அம்மா இருக்கும்போது வாரம் முழுக்க எதற்கு என்றார். ஒரு பிள்ளை கூட வந்தால் என்ன, ஆதிரை ஓரமாகப் படுத்துக்கொள்வாள் என்றேன். கை எட்டாது என்றார்.

அத்தை என் பக்கத்தில் வந்து குந்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மெய்யாலுமே சொல்லு. புள்ளைக்கோசரமா வந்துகினு கீற?"

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் உன்னாண்ட பேசினு இருந்தா நல்லாதான் கீது. சாயங்காலம் ஆனா கேட்டப் பாத்துகினேதான் கீறேன். அதுக்குன்னு இன்னொருத்தி புள்ளைய வேணாங்க முடியாதும்மா. நான் பாத்துக்கறது புள்ளைங்கள. அம்மாங்கள இல்ல."

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் தள்ள முடியவில்லை. அதனாலேயே இன்னும் வலித்தது. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வந்தது. முகம் தெரியாத அவள் பிள்ளை மேலும் வந்தது. ஆகட்டும் அத்தை என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன்.

மாதத்தின் கடைசி வியாழக்கிழமை காலையில் ஆதிரையை விடும்போது ஒரு திருட்டு வேலை செய்தேன். அவளுடைய சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை அலமாரிக்கு அடியில் காலால் தள்ளிவிட்டேன். பிறகு ஒருநாள் கிண்ணத்தைத் தேடி வந்ததாகச் சொல்லிக்கொண்டு வரலாம் அல்லவா? வந்தால் கால் கழுவச் சொல்வார். கழுவினால் உட்காரச் சொல்வார். அந்த ஒரு கிண்ணத்தை நம்பித்தான் அன்றைய பகலை ஓட்டினேன்.

சாயங்காலம் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வழக்கம்போல் போனேன். கேட்டைத் திறந்து குழாய்ப் பக்கம் திரும்பினால், அத்தை ஆதிரையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார். தோளில் அவள் பை. நாற்காலியைக் காணோம்.

"கால் கழுவிட்டு வாரேன் அத்தை."

"வேணாம். ஊட்லேந்துதான வர்ற. புடி."

பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டார். முதல் நாள் எதற்காகக் கோபப்பட்டேனோ, அது நடந்தது. கேட்காமலே பிள்ளை கைக்கு வந்துவிட்டது. நான் அங்கேயே நின்றேன். ஆதிரை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அத்தைக்கு டாட்டா காட்டினாள். அவர் ஆதிரையின் உள்ளங்காலை ஒரு தடவை பிடித்து அழுத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டைச் சாத்தினார். அந்த ஒரு டம்ளர் ரசத்தைக் கொடுத்திருக்கலாம். இன்றைக்கு வரை அந்த மனத்தாங்கல் எனக்கு உண்டு.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தேன். துண்டு, சீப்பு, மாற்று உடை, சொப்பு, எல்லாம் மடிப்பு மடிப்பாக இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், கழுவித் துடைத்து, ஆதிரையின் பாவாடையில் சுற்றி, அந்தக் கிண்ணம் இருந்தது.

பிறகு நான் போகவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை மூடிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் குளியலறைக்குப் போய்க் கால் கழுவினேன். எங்கேயும் போய் வராத கால். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். ஆதிரை வந்து மடியில் ஏறிக்கொண்டாள். தனியாக இருந்தேன். பிள்ளை மடியில் இருக்கும்போது அப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள், அப்படித்தான் இருந்தது.

ஆதிரை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். வீட்டுக்காரருக்கு ஒருவழியாகச் சென்னைக்கே மாற்றல் கிடைத்தது. ஆவடி பருத்திப்பட்டில் ஏரிப் பக்கமாக வீடு மாறினோம். எனக்கும் வேறு கம்பெனி, மறுபடியும் எஸ்டேட், மறுபடியும் தினமும் ஆபீஸ். போன மாதம் ஒருநாள், பழைய மேனேஜரே பரவாயில்லை என்கிற மாதிரி ஒருத்தனிடம் நாள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ஆவடிக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். வழியில் கள்ளிக்குப்பம் போகிறவர்கள் இறங்கும் நிறுத்தம் வந்தது. நானும் இறங்கிவிட்டேன்.

பச்சை கேட் அதேதான், கொஞ்சம் துரு கூடியிருந்தது. சிவப்பு நாற்காலியில் ஒரு பெண் ரசம் குடித்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. அவள்தானா, வேறு யாராவதா, கேட்கவில்லை. அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. என் தோள் பையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு என் செருப்பைப் பார்த்தார்.

"ஆதிரம்மாவா? இன்னா நின்னுகினு கீற. காலக் கழுவு."

கழுவினேன். தண்ணீர் அதே சில்லிப்பு. அந்தப் பெண் டம்ளரை வைத்தாள், அவள் பிள்ளை வந்தது, தூக்கிக்கொண்டு போனாள். நாற்காலி எனக்குக் கிடைத்தது. ரசம் வந்தது. அத்தை ஆதிரையைப் பற்றிக் கேட்டார். ரெண்டாம் வகுப்பு, முன் பல் இரண்டும் விழுந்துவிட்டது, இப்போது அவள் அப்பாவோடு வீட்டில் இருக்கிறாள் என்றேன். என் ஆபீஸைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. சொல்லத் தேவையாகவும் இல்லை. குடித்து முடித்து, பழக்கத்தில், டம்ளரைச் சிமெண்ட் தரையில் வைத்தேன்.

சத்தம் கேட்டதும் அத்தை எழுந்தார். முழங்காலில் கையை ஊன்றி, "இரு, வர்றேன்" என்று சொல்லிக்கொண்டு உள் அறைப் பக்கம் நடந்தார். கதவுவரை போய் நின்றுவிட்டார். உள்ளே விளக்கு எரிந்தது. பாய்கள் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தியிருந்தன. தூக்கிக்கொண்டு வரப் பிள்ளை யாரும் இல்லை. கொஞ்ச நேரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

பிறகு திரும்பி வந்து, என் காலடியில் இருந்த டம்ளரை எடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

ஊற்றுங்கள் என்றேன். கொண்டுவந்து கொடுத்தார். இந்தத் தடவை நான் டம்ளரைக் கீழே வைக்கவில்லை, காலியான பிறகும் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.